நரம்பும் மின்னும்
(தில்லைச் சீமை இசை வரலாறு – இயல் 14)

அண்ணாமலைநகரில் 1929ஆம் ஆண்டு இசைக் கல்லூரி தோன்றியதும், 1941இல் அங்கே கூடிய தமிழிசை மாநாடு தமிழ்நாட்டு மேடைகளில் பாடப்படும் பாட்டின் மொழி பற்றிய கேள்வியை எழுப்பியதும் சென்ற இயலில் விரித்துரைக்கப்பட்டன. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளை, தண்டபாணி தேசிகர் ஆகியோர் அந்தக் கல்லூரியில் பணியாற்றிய அதே பத்தாண்டுகளில், எந்த மாநாட்டின் தீர்மானத்துக்கும் காத்திராமல் மற்றொரு மாற்றம் இசையரங்குகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கியாகவும் ஒலிபெருக்கியாகவும் முதலில் வந்த மின்சாரம், பின்னர்ச் சுருதிப் பெட்டியாகவும் இசைப்பதிவாகவும் கணினியாகவும் உருமாறி, இன்று கருவியிசைக் குழுக்களில் தனக்கென ஓர் இருக்கையைப் பெற்றிருக்கிறது. உயிருள்ள கைகள் மீட்டும் நரம்போடு மின்னொலி சேர்ந்து ஒலிக்கும் சிற்றவை இசையின் வரலாற்றைக் கூறி, அதில் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் இசை மரபுக்கு உள்ள பொருத்தத்தை ஆராய்வது இவ்வியலின் நோக்கம்.

சிற்றவை இசை என்பது ஒரு சிலர் மட்டுமே கூடி, நடத்துநர் ஒருவரின் கைக்குறிப்பு இல்லாமல், ஒருவர் இசைப்பதை மற்றவர் கேட்டுக்கேட்டே இசைக்கும் இசைவகை ஆகும். ஒரு பங்கை ஒருவரே இசைப்பதால் ஒவ்வொரு கருவியின் குரலும் இதில் தனித்துக் கேட்கும். ஐரோப்பாவில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நரம்பிசை நால்வர் குழு இதன் தலையாய வடிவம். தமிழ்நாட்டில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என அமையும் கச்சேரி, பேரரங்குகளுக்குச் சென்றுவிட்டபோதிலும், தன் உள்ளமைப்பால் இவ்வகையையே சேர்ந்தது.

மேலைநாட்டில் தொடங்கிய தேடல்

1952இல் இத்தாலிய இசையாசிரியர் புரூனோ மதேர்னா, மேடையில் ஒருவர் ஊதும் புல்லாங்குழலையும் முன்னரே ஒலிநாடாவில் பதிந்த மின்னொலியையும் இணைத்து ஒரு படைப்பை உருவாக்கினார். மனிதர் இசைக்கும் கருவியையும் ஒலிநாடாவையும் சிற்றவை இசையில் ஒருங்கே நிறுத்திய தொடக்க முயற்சிகளுள் அது முதன்மையானது. அதனைத் தொடர்ந்து ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1960இல் நிறைவுசெய்த ‘கொன்டாக்டே’ என்னும் படைப்பில் பியானோவையும் தாளக்கருவிகளையும் நாடாவோடு இணைத்தார். அமெரிக்காவில் மரியோ தாவிதோவ்ஸ்கி ‘சிங்க்ரோனிசம்ஸ்’ என்ற வரிசையில் கருவி ஒவ்வொன்றையும் நாடாவோடு உரையாட வைத்ததோடு, பியானோவுக்காக எழுதிய ஆறாம் படைப்புக்கு 1971ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசையும் பெற்றார்.

இந்தப் படைப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இடர்ப்பாடு இருந்தது. நாடா ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதன் வேகம் மாறாது. கலைஞர் ஒரு சுரத்தில் சற்று நின்று நீட்ட விரும்பினாலும், அரங்கின் உணர்வுக்கேற்பக் காலப்பிரமாணத்தைத் தளர்த்த விரும்பினாலும் நாடா அவருக்காகக் காத்திருக்காது. ஆகவே இருவர் சேர்ந்து இசைப்பது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒருவர் மட்டுமே மற்றவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பரத நாட்டிய மேடைகளிலும் இதே நிலை பின்னர் எழுந்தது: நட்டுவாங்கமும் பாட்டும் மிருதங்கமும் பக்கத்தில் அமர்ந்து ஆடுபவரின் மூச்சைப் பார்த்து இசைத்த முறை பல விழாக்களில் குறைந்து, பதிவிசைக்கு ஆடும் வழக்கம் பரவியபோது, அபிநயத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்கும் உரிமையை ஆடுபவர் இழந்தார். 1981 முதல் சிவராத்திரியையொட்டிச் சிதம்பரத்தில் நடந்துவரும் நாட்டியாஞ்சலியைக் கண்டுவரும் இவ்வட்டார மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து விடுபட இரண்டு வழிகள் காணப்பட்டன. மேடையில் எழும் ஒலியையே ஒலிவாங்கியால் பிடித்து அந்த நொடியிலேயே மின்முறையில் உருமாற்றுவது முதல் வழி. 1970இல் ஸ்டாக்ஹவுசன் இயற்றிய ‘மந்த்ரா’வில் இரு பியானோக்களின் ஒலி வளைய மாடுலேட்டர் என்னும் கருவி வழியே செல்கிறது. இரண்டு அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாகத் தரும் அமைப்பே வளைய மாடுலேட்டர் என்பதால், கலைஞர் எந்தச் சுரத்தைத் தொடுகிறாரோ அதற்கேற்ப அது எழுப்பும் ஒலியும் மாறும். கணினி கலைஞரைக் கேட்டுப் பின்தொடர்வது இரண்டாம் வழி. பாரிஸில் 1977இல் திறக்கப்பட்ட இர்க்காம் ஆய்வு நிறுவனத்தில் பிலிப் மனூரி 1987இல் உருவாக்கிய ‘ஜூபிடர்’ என்ற புல்லாங்குழல் படைப்பில், எழுதிவைத்த சுரவரிசையில் கலைஞர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைக் கணினி கேட்டறிந்து, தனக்குரிய ஒலிகளை அதற்கேற்ப எழுப்பியது. இயந்திரம் மனிதருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது மின்னொலியிசை வரலாற்றின் பெருந்திருப்பம் என்றே கருதத்தக்கது.

யாழும் குரலும்

கருவி குரலைப் பின்தொடர வேண்டும் என்ற கோட்பாடும், கருவிக்கு எல்லை உண்டு என்ற அறிவும் இவ்வட்டாரத்துக்குப் புதியன அல்ல. இன்றைய கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அருகே இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், சம்பந்தரோடு உடன்சென்று அவர் பாடிய பதிகங்களை யாழில் இசைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார் பதிகங்களின் பெருமைக்கு யாழே காரணம் எனக் கருதியபோது, யாழில் அடங்காத கதியில் சம்பந்தர் ஒரு பதிகத்தைப் பாடினார் என்றும், பாணர் மனம் உடைந்து கருவியை முறிக்க ஓங்கியபோது சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவில் இசைக்குமாறு பணித்தார் என்றும் அந்த மரபு தொடர்கிறது. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது, அவற்றுக்குப் பண் வகுத்தவர் இதே ஊரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது.

இச்செய்திகளை வரலாற்றுச் சான்றுகளாக அன்றி, ஒரு சமூகம் தன் இசையறிவைப் பாதுகாத்து வைத்த வடிவங்களாகக் கொண்டாலும், அவற்றுள் பொதிந்த கருத்து மிகவும் கூர்மையானது. நிலையான நரம்புகளில் கட்டப்பட்ட சுரங்களால் அசையும் குரலின் நெளிவுகளை முழுவதும் தர இயலாது என்பதும், ஆனாலும் அந்த எல்லைக்குள் நின்று குரலோடு துணைபோவதே கருவியின் கடமை என்பதும் அக்கருத்து. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழின் அமைப்பையும் நரம்புகளின் அளவுகளையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூ’லை வெளியிட்டதும் இந்த வினாவின் தொடர்ச்சியே ஆகும்.

மின்சாரத்தின் முதல் பணிகள்

1930களில் தமிழ்நாட்டு மேடைகளில் ஒலிவாங்கி பரவத் தொடங்கியது. அதற்கு முன்னர், அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்ததால் பாடகர்கள் உயர்ந்த கட்டையில், அதாவது ஆதார சட்சமத்தை மேல்நிலையில் வைத்துப் பாடினர். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் பெற்ற புகழுக்கு அந்த உச்சச் சுருதியும் ஒரு காரணம். ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த சுருதியில் நுண்ணிய கமகங்களைப் பாடுவது இயன்றது. மந்தர ஸ்தாயியில் வீணை எழுப்பும் மெல்லிய ஒலியும் பேரரங்கில் கேட்கலாயிற்று. பின்னர் வீணையின் பலகை மீதே ஒட்டப்படும் தொடுவுணர் ஒலிவாங்கி வந்தது. காற்றின் வழியாக அன்றி மரத்தின் அதிர்விலிருந்து நேரடியாக ஒலியை எடுக்கும் அமைப்பான இது, ஒருமுறை மீட்டிய நரம்பின் நாதம் நெடுநேரம் நீடித்துக் கேட்க உதவியது. வீணையில் மீட்டுகளின் எண்ணிக்கை குறைந்து, ஒரே மீட்டில் பல சுரங்களை இழுத்துப் பாட்டைப் போல வாசிக்கும் முறை ஓங்கியதில் இந்தக் கருவிக்கும் பங்கு உண்டு.

அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இம்மாற்றத்துக்கு வேண்டிய மின்வளமும் அண்மையிலேயே உருவாயிற்று. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் சோவியத் ஒன்றியத்தின் துணையோடு அனல்மின் நிலையத்தை எழுப்பி, 1962இல் அதன் முதல் அலகை இயக்கத் தொடங்கியது. திருஎருக்கத்தம்புலியூரும் நெய்வேலியும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன.

தம்புராவின் இடத்தில் ஒரு பெட்டி

மின்னொலி இவ்வட்டாரத்தின் இசைக்குள் ஆழமாகச் சென்ற இடம் சுருதி ஆகும். தம்புராவின் நான்கு நரம்புகள் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற வரிசையில் மீட்டப்படுகின்றன. குதிரையின் மீது நரம்புக்கு அடியில் செருகப்படும் ஜீவாளி என்னும் நூலிழை, நரம்பு அதிரும்போதெல்லாம் அதை மெல்லத் தொட்டு, அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களையும் எழுப்புகிறது. ஒரு நரம்பை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது இயற்பியல் விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை எழுகின்றன என்பதையும், அதற்கு அவற்றின் குதிரையமைப்பே காரணம் என்பதையும் சர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரும்பூச்சினால் அதன் மேற்சுரங்கள் இசைவான விகிதங்களில் அமைவதை அதற்கு முந்தைய ஆண்டே அவர் விளக்கியிருந்தார். இந்தியக் கருவிகளின் ஒலியை மின்முறையில் ஆக்குவது எத்துணைக் கடினம் என்பது இந்த ஆய்வுகளால் முன்னரே தெளிவாகியிருந்தது.

பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் பெங்களூரில் தொடங்கிய ரேடல் நிறுவனம், மின்னணுச் சுருதிப் பெட்டியையும் மின்னணுத் தம்புராவையும் பரவலாக்கியது. தொடக்ககாலப் பெட்டிகள் அலைவியற்றி என்னும் மின்சுற்றால் ஒலியை ஆக்கின. பின்னாளில் வந்தவை உண்மையான தம்புராவின் பதிவொலியையே சேமித்து ஒலித்தன. பயணத்தில் உடையாத, தட்பவெப்பத்தால் சுருதி கலையாத, கட்டையை நொடியில் மாற்றத்தக்க இப்பெட்டி சில பத்தாண்டுகளில் பாடசாலைகளிலும் வீடுகளிலும் மேடைகளிலும் இடம்பிடித்தது. நாகசுர மேளத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. நாகசுரத்தைப் போன்ற தோற்றமுடைய, ஆதார சுருதியை மட்டும் இடைவிடாது ஒலிக்கும் ஒத்துக் கருவியை ஊதியவரின் இடத்தை மின்னணுப் பெட்டி எடுத்துக்கொண்டது.

இம்மாற்றத்தின் நன்மையை எவரும் மறுக்க முடியாது. வசதியற்ற மாணவருக்கும் பிழையற்ற சுருதி கிடைத்தது பெரும்பேறு. ஆயினும் அதற்குக் கொடுத்த விலையும் கணக்கில் வர வேண்டும். ஒத்து ஊதிய இளைஞரும், பாடகரின் பின்னே அமர்ந்து தம்புரா மீட்டிய மாணாக்கரும் மேடையில் பிறர் கண்ணில் படாத இடத்தில் இருந்தபோதும், ஒவ்வொரு கச்சேரியையும் மிக அருகிலிருந்து கேட்டுக் கற்றனர். குருகுல முறையின் அந்த வகுப்பறை பெட்டி வந்தபின் பெரும்பாலும் மூடப்பட்டது. மேலும், தம்புரா மீட்டுபவர் பாடகரைக் கேட்டார். பெட்டி எவரையும் கேட்பதில்லை.

சுருதியைக் குறித்த மற்றொரு சிக்கல் மின்விசைப்பலகைகளோடு வந்தது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என அளவிடும் முறையில் அந்தர காந்தாரம் 400 சென்ட் நிலையில் அமைகிறது. தம்புராவின் மேற்சுரமாகத் தானே எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்டில் நிற்கிறது. இந்த 14 சென்ட் வேறுபாடு பழகிய செவிக்கு உறுத்தலாகத் தெரியும். விசைப்பலகையும் தம்புராவும் ஒருங்கே ஒலிக்கும்போது காந்தாரம் கலங்குவதற்குக் காரணம் அதுவே. தமிழிசை அறிஞர்களிடையே சுருதிப் பிரிவு குறித்து நெடிய விவாதம் இருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் ஸ்தாயியைச் சம பங்குகளாகப் பிரிப்பதே பழந்தமிழர் முறை என்று வாதிட்டு 24 சுருதிகளை நிறுவ முயன்றார், விபுலானந்த அடிகள் 22 சுருதிகளை ஏற்று விகிதக் கணக்குகளால் விளக்கினார். எந்தப் பிரிவையும் தயக்கமின்றி ஒலித்துக் காட்ட வல்ல கணினி, இவ்விவாதத்தைச் செவியால் ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பை இன்று தந்திருக்கிறது.

இந்தியாவிலும் தமிழர் நடுவிலும்

மின்னொலியைத் துணைக்கருவியாக அன்றிப் படைப்பின் உயிராகக் கையாண்ட இந்திய முயற்சி அகமதாபாத்தில் தொடங்கியது. பக்காவஜ் கலைஞரான கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்னும் இசையாசிரியருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேலையிசை நுட்பங்களைக் கற்றார். அந்தத் தொடர்பு வளர்ந்து, கேஜின் நெருங்கிய துணைவரான டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மோக் சிந்தசைசர் பொருந்திய மின்னொலிக்கூடம் ஒன்றை அமைக்க உதவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே உருவாக்கிய ஒலிநாடாக்கள் நெடுங்காலம் ஆவணக்காப்பகத்தில் கிடந்து, பால் பர்கஸ் என்னும் ஆய்வாளரின் முயற்சியால் 2023இல் வெளியிடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அக்கூடம் ஓய்ந்ததால், அதன் பயன் பிற பகுதிகளின் இசைக் கல்லூரிகளை எட்டவில்லை.

தமிழ்நாட்டில் மின்னொலியைப் பொதுமக்களின் செவிக்குப் பழக்கியது திரையிசையே. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா, முன்கூட்டியே வகுத்த வரிசைப்படி ஒலிகளை எழுப்பும் சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ திரைக்கு வெளியே கருவியிசைக்கெனத் தனியிடம் தேடிய தொகுப்பு ஆகும். கச்சேரி மேடையின் வழியாகவும் தேடல் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் இசை பயிற்றுவித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன் எல். சங்கர், இரண்டு கழுத்தும் பத்து நரம்பும் கொண்ட மின்வயலினை உருவாக்குவித்து, உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிர் உசேனின் தபலாவும் துணைவர ‘ஹூஸ் டு நோ’ என்ற தொகுப்பைப் பதிவுசெய்தார். மின்மாண்டலினில் கமகம் முழுவதும் ஒலிக்கச் செய்த உ. ஸ்ரீநிவாஸ், நரம்பொலியை முடிவின்றி நீட்டும் மின்கித்தாரை வடிவமைத்த மைக்கேல் புரூக்கோடு சேர்ந்து 1995இல் ‘ட்ரீம்’ தொகுப்பை வெளியிட்டார்.

மேலைநாட்டுச் சிற்றவை வடிவத்துக்குள் நின்றே இதனைச் செய்தவர் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர். நரம்பிசை நால்வர் குழு, பியானோ, மின்னொலி ஆகியவற்றுக்காக அவர் 2005இல் இயற்றிய ‘மியூட்டேஷன்ஸ்’ என்னும் பத்துப் பகுதிப் படைப்பு 2014இல் இசைத்தட்டாக வந்தது. எழுதப்பட்ட சுரங்களும் அந்த நொடியில் கலைஞர் தேர்ந்தெடுக்கும் சுரங்களும் மின்னொலியும் ஒரே படைப்பில் கலந்து நிற்பதால், கற்பனை சுரமும் நிரவலும் அறிந்த தமிழ்ச் செவிக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

கேட்கத் தெரிந்த இயந்திரம்

பாரிஸ் கணினி புல்லாங்குழலைப் பின்தொடர்ந்தது எழுதிவைத்த சுரவரிசையின் துணையால்தான். மனோதர்மம் எனப்படும் உடனடிக் கற்பனையே உயிரான கருநாடக இசையில் அத்தகைய வரிசை முன்கூட்டியே கிடையாது. ஆகவே இங்கே பக்கம் அமரும் இயந்திரம் ஆதார சட்சமத்தைத் தானே கண்டறிய வேண்டும். அசையும் சுரத்தின் போக்கிலிருந்து இராகத்தை உணர வேண்டும். தாளத்தின் எடுப்பைக் கணிக்க வேண்டும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம் இதே வினாக்களைக் கையிலெடுத்தபோது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் அதில் முக்கியப் பங்கேற்றனர். கமகத்தை ஒரு புள்ளியாக அன்றி ஒரு கோடாக, அதாவது காலத்தில் வளைந்து செல்லும் அதிர்வெண்ணாக அளக்கும் முறைகள் இத்தகைய ஆய்வுகளால் வளர்ந்தன. வயலின் கலைஞர் பாடகரின் ஆலாபனையை நிழல்போலத் தொடரும்போது செய்வதும் இத்தகைய கணிப்பே ஆகும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. தில்லைச் சீமையில் மின்சாரம் இசைக்கு ஆற்றிய பணி பெரும்பாலும் உரக்கச் செய்வதும், ஆளின் இடத்தை நிரப்புவதுமாகவே அமைந்துவிட்டது; கேட்டு உடன்செல்லும் துணையாக அதை வளர்க்கும் வேலை பிற ஊர்களில், பிற இசைகளை முன்வைத்து நடந்தது. இசைத் துறையும் பொறியியல் புலமும் ஒரே வளாகத்தில் அமைந்த அண்ணாமலைநகர், யாழைக் கணக்கிட்டு மீட்ட விபுலானந்தர் தமிழ் கற்பித்த இடம் என்ற உரிமையோடு இவ்வேலையைத் தன் கையில் எடுக்கத் தகுதியுடையது. ஓதுவார்கள் பாடும் பண்களையும், நாகசுரக் கலைஞர்களின் இராக ஆலாபனையையும், ஒத்தின் நாதத்தையும் முறையாகப் பதிந்து ஆவணமாக்குவது முதற்படி. அந்தப் பதிவுகளைக் கொண்டு கலைஞரைக் கேட்டு இசைக்கும் மின்னொலித் துணையை உருவாக்குவது அடுத்த படி. அவ்வாறு உருவாகும் இசையில் ஒத்து ஊதியவருக்கும் தம்புரா மீட்டிய மாணவருக்கும் மேடையில் மீண்டும் இடம் இருக்க வேண்டும். மனிதரை அகற்றாமல் மனிதரோடு அமரும்போதுதான் மின்னொலி சிற்றவை இசையின் உறுப்பினர் என்ற தகுதியைப் பெறும். இசைப் பேராசிரியர்களும் பொறியியல் மாணவர்களும் கோயில் கலைஞர்களும் இதற்காக ஓர் அறையில் ஒன்றாக அமர வேண்டிய காலம் வந்துவிட்டது.

(தொடரும்)